வெங்காயத்துக்குப் பரிகாரம்

தெரியாமல் வெங்காயம் தின்றுவிட்ட இருபிறப்பாளனுக்கு மனுஸ்மிருதி இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, மாதம் முழுக்க நாளொன்றுக்கு எட்டே கவளம் உண்டு கிடப்பது. மற்றது சாந்தபன கிருச்சிரம் என்னும் விரதம். அது என்ன விரதம் என்பது அதே நூலின் பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது. கோமியம், சாணம், பால், தயிர், நெய் ஆகியவற்றைத் தர்ப்பை நீரோடு உட்கொண்டு ஓர் இரவு பட்டினி கிடக்க வேண்டும். அதாவது, வெங்காயத்தால் வந்த தீட்டைப் பஞ்சகவ்யம் கழுவிவிடும்.

இன்று பெங்களூருக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சிக்கபள்ளாப்பூர், கோலார் வட்டாரங்களில் இயற்கை வழியில் பயிர் செய்பவர்கள் அதே பஞ்சகவ்யத்தை வெங்காயத் தாளின் மேல் தெளிக்கிறார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் என்பது கணக்கு. ஈரோடு மாவட்டம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன், பூசையிலும் பரிகாரத்திலும் இருந்த இந்தக் கலவையோடு வாழைப்பழம், இளநீர், வெல்லம் முதலியவற்றைச் சேர்த்து நொதிக்கவைத்துப் பயிருக்கான ஊட்டமாக ஆக்கினார். அது தமிழ்நாட்டைக் கடந்தும் பரவியது. வெங்காயம் தின்ற குற்றம் நீங்கக் குடித்த ஒன்று, வெங்காயம் திரண்டு விளையத் தெளிக்கப்படுகிறது.

ஒரு பொருள் தூயதா இல்லையா என்பதை அதன் பிறப்பு தீர்மானிக்கிறதா, பிறந்தபின் அதற்கு நேர்ந்தவை தீர்மானிக்கின்றனவா? சாணத்தையும் குப்பையையும் மண்ணில் கலந்து வெங்காயம் எடுக்கும் எவரும் பருவந்தோறும் இந்தக் கேள்விக்குத் தம் கையால் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சமய நூல்கள் சொன்ன விடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில இடங்களில் ஒரே நூலுக்குள்ளேயே மோதுகின்றன.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம்.

பெங்களூரைச் சுற்றிய இந்த வட்டாரத்தில் விளையும் ரோஸ் வெங்காயம் 2015ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அடி தட்டையாக, நிறம் அடர்ந்த இளஞ்சிவப்பாக, காரம் தூக்கலாக இருக்கும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், பெங்களூர்ச் சமையலறைகளில் இதற்கு இடம் மிகக் குறைவு. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளுக்குப் பெரும்பகுதி கப்பல் ஏறிவிடும். கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் குடும்பம் வைக்கும் சாம்பாரில் சிக்கபள்ளாப்பூர் மண் இருக்கிறது. 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது, உள்ளூரில் விற்க வழியில்லாத இந்த ரகத்தை வைத்துக்கொண்டு விவசாயிகள் தவித்தார்கள். அடுத்த மாதமே சென்னைத் துறைமுகம் வழியாக 10,000 டன் அனுப்ப விலக்கு கொடுக்க வேண்டி வந்தது.

இந்தப் பகுதியில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஏரிகளும் ஆழ்துளைக் கிணறுகளும்தான் கதி. ஆயிரம் அடிக்குக் கீழே போனாலும் தண்ணீர் வராத இடங்கள் உண்டு. இன்னும் வடமேற்கே சித்ரதுர்கா மாவட்டத்தின் சள்ளகெரெ, ஹிரியூர் பக்கம் போனால் வறட்சி கூடுகிறது. அங்கே மானாவாரியாகவே வெங்காயம் விதைக்கிறார்கள். மழை ஏமாற்றினால் பயிர் இல்லை.

வறண்ட நிலத்தில் வெங்காயம் ஒரு பலவீனமான பயிர். அதன் வேர் ஆழம் போகாது. பெரும்பாலும் மேல்மண்ணின் ஒரு சாண் ஆழத்திலேயே கிடக்கும். அதிகம் கிளைக்காது, வேர்த்தூவிகளும் குறைவு. பக்கத்து அங்குலத்தில் மணிச்சத்து இருந்தாலும் எட்டி எடுக்கத் தெரியாது. எனவே அது கூட்டாளி ஒன்றை நம்பி வாழ்கிறது. வேருக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பூசணம், நூலிழை போன்ற தன் கைகளை மண்ணுக்குள் நீட்டி, மணிச்சத்தையும் ஈரத்தையும் கொண்டுவந்து தருகிறது. பதிலுக்கு இலை சமைத்த சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. இதைத்தான் வேர் உட்பூசணம் என்று விவசாயிகள் பொட்டலத்தில் வாங்குகிறார்கள். இந்தப் பூசணங்களைப் பற்றிப் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் நுண்ணுயிரியலாளர் டி. ஜே. பாக்யராஜ். நகரின் வடக்கே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ரோஸ் வெங்காய வகையில் அர்கா பிந்து என்ற ரகத்தைத் தந்தது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பவை, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கரைப்பவை எனப் பல நுண்ணுயிர்களை ஒன்றாகச் சேர்த்த அர்கா நுண்ணுயிர்க் கூட்டும் அங்கிருந்து வந்ததே.

இவை உயிர் உரங்கள். ஆனால் தரிசு போலக் காய்ந்த செம்மண்ணில் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினால் அந்த உயிர்கள் செத்துப்போகும். அவை வாழ மட்கு வேண்டும். ஆகவேதான் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எக்டேருக்கு இரண்டிரண்டு கிலோ என்று சொல்லும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், அதற்கு முன்னால் தொழுவுரம் 25 டன் என்று எழுதுகிறது. தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம்தான். அது செய்யும் பெரிய வேலை வேறு. மண்ணைப் பொலபொலப்பாக்கி, பெய்த மழையைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. திருக்குறளின் உழவு அதிகாரம் இதை எவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறது என்பது வியப்பு. நன்றாக உழுது காயவிட்ட நிலத்துக்குப் பிடி எருவும் வேண்டாம் என்று ஒரு குறளில் சொல்லிவிட்டு, அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது மேல் என்கிறார் வள்ளுவர். எருவைப் பேசும்போது அவருக்குக் கூச்சமே இல்லை. அசுத்தம் என்ற எண்ணத்தின் நிழல்கூட அந்த அதிகாரத்தில் விழவில்லை.

மனுஸ்மிருதியில் அந்த நிழல் அடர்த்தியாக விழுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றை இருபிறப்பாளர் உண்ணலாகாது என்று விலக்கும் அதே சுலோகம், அசுத்தத்திலிருந்து பிறப்பவை அனைத்தையும் சேர்த்து விலக்குகிறது. வெங்காயம் வெளிப்படையாகப் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டது. எரு இட்ட வயலில் விளைந்த கீரையும் நெல்லும் என்ன ஆவது? விதியை அப்படியே பிடித்தால் எதையுமே உண்ண முடியாது. மலத்திலிருந்து நேரே முளைப்பவற்றைத்தான் விதி குறிக்கிறது என்று உரைகாரர்கள் சுருக்கிக் கொண்டார்கள். சுருக்காமல் இருக்க வழியில்லை. ஏனென்றால் உணவு என்பதே அழுகலில் இருந்து வருவது.

பசுவின் சாணத்துக்கு மட்டும் தனி இடம் கிடைத்தது. அது தீட்டைப் போக்கும், வாசலில் தெளிக்கப்படும், யாகசாலைத் தரையை மெழுகும். ஆட்டுப் புழுக்கைக்கு அந்தப் பெருமை இல்லை. ஆனால் சித்ரதுர்கா பக்கத்து வயல்களைக் காப்பாற்றியதில் குருபர் என்னும் மேய்ப்பர்களின் ஆட்டு மந்தைக்குப் பெரிய பங்கு உண்டு. அறுவடை முடிந்த நிலத்தில் இரவுகளில் கிடை போட்டால், புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் சேரும். கிடை போட்ட நிலத்துக்காரர் மேய்ப்பர்களுக்குத் தானியமோ பணமோ கொடுப்பார். நுண்ணுயிருக்குப் பசு, ஆடு என்ற வேறுபாடு தெரியாது. சாணத்துக்குப் புனிதம் கொடுத்தது மனிதர்கள். அதற்குக் காரணங்கள் இருக்கலாம். மண்ணைக் கேட்டால் அது அந்தக் காரணங்களைச் சொல்லாது.

பழைய மருத்துவ நூல்கள் இந்த இடத்தில் சாத்திரங்களைவிடத் துணிச்சலாக நடந்துகொண்டன. வெங்காயத்தின் உடன்பிறப்பான பூண்டைப் பற்றி அஷ்டாங்க ஹிருதயத்தில் ஒரு கதை வருகிறது. அமிர்தத்தைத் திருடிக் குடித்த ராகுவின் கழுத்து வெட்டுப்பட்டபோது சிந்திய துளிகளிலிருந்து பூண்டு முளைத்ததாம். அமிர்தமானதால் அது நோய் தீர்க்கும்; அசுரன் உடலைத் தொட்டதால் அந்தணர் உண்ணார். பிறப்புக்கு இரண்டு பக்கம். இதைவிடச் சுவையான செய்தி, நடு ஆசியாவின் குச்சா பகுதியில் 1890இல் ஹாமில்டன் பவர் என்ற படை அதிகாரிக்குக் கிடைத்த பூர்ஜ மரப்பட்டை ஏட்டில் இருக்கிறது. அது ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பூண்டு தின்னக் கூடாத அந்தணருக்கு அது ஒரு வழி சொல்கிறது: பசுவைச் சில நாள் புல் இல்லாமல் வைத்து, பிறகு பூண்டைத் தீவனத்தில் கலந்து கொடுத்து, அதன் பாலை அருந்தலாம். பூண்டின் குணம் வந்துவிடும். பூண்டு வராது.

இதைத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமாகாது. ஓர் உடலுக்குள் புகுந்து வெளிவந்த பொருள் பழைய பொருள் அல்ல என்று அந்த வைத்தியர் நம்பினார். இடையில் நிகழ்ந்த செரிமானம் அதன் தகுதியை மாற்றிவிட்டது என்பது அவர் வாதம். எருக்குழியில் நடப்பதும் செரிமானமே. அங்கே பசுவின் வயிற்றுக்குப் பதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டும். கை வைத்தால் சுடும். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் சாகும். வெளியே எடுக்கும்போது நாற்றம் போய், மழை பெய்த மண்ணின் வாசம் இருக்கும்.

நவீன அரசுகளுக்கும் தீட்டு விதிகள் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் சட்டப்படி, விளைபொருள் மண்ணைத் தொடுமானால், மட்காத பச்சைச் சாணத்தை அறுவடைக்குக் குறைந்தது 120 நாளுக்கு முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும். வரிசையாகக் கொட்டி மட்கவைக்கும் குவியல் என்றால், 55 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பதினைந்து நாள் இருக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். வெங்காயம் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும் பயிர், மண்ணுக்குள்ளேயே திரளும் பயிர், பச்சையாகவும் தின்னப்படும் பயிர். ஆகவே நடவின்போது பச்சைச் சாணம் போட அந்தச் சட்டம் இடம் தராது. சாவுத் தீட்டுக்குப் பத்து நாள், பதினாறு நாள் என்று எண்ணும் வீடுகளைப் போலவே இதுவும் நாள் எண்ணுகிறது. இரண்டிலும் தீட்டு என்பது காலத்தால் முடியக்கூடிய ஒன்று. அதன் தொடக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. அதன் முடிவும் தெரிய வேண்டும்.

சமணர்களுக்குக் கேள்வி இன்னும் கடினமானது. அவர்களுக்குச் சிக்கல் தீட்டில் இல்லை, உயிர்க்கொலையில் இருக்கிறது. கிழங்கிலும் வேரிலும் எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து வாழ்கின்றன என்பது சமணக் கொள்கை. எனவே வெங்காயம் கூடாது. மண்ணே உயிருள்ள உடல் என்பதும் அவர்கள் கொள்கை. நிலத்தைக் கீறிப் பிழைப்பது இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பௌத்த விநயமும் பிக்குகள் மண்ணைத் தோண்டுவதைக் குற்றமாக்கியது. மண்ணுக்கும் உயிர் உண்டு என்று நம்பிய மக்கள் குறை சொன்னதால் அந்த விதி வந்தது. மனுஸ்மிருதியும் தன் பத்தாம் அத்தியாயத்தில், இரும்பு முனை கொண்ட கலப்பை பூமியையும் பூமிக்குள் வாழ்பவற்றையும் காயப்படுத்துகிறது, ஆகவே உழவு பழிக்கப்படுகிறது என்கிறது.

இவர்களைப் பார்த்து நகைக்க இன்றைய அறிவியலுக்கு உரிமை கிடையாது. வளமான மண்ணின் ஒரு கிராமில் பல கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்றுதான் அதுவும் சொல்கிறது. கடையில் விற்கும் உயிர் உரத் தூளில் கிராமுக்கு ஐந்து கோடி உயிரணுக்களாவது இருக்க வேண்டும் என்று இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கிறது. எண்ணிக்கையில் இவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. மண்ணில் உயிர் கொழித்துக் கிடக்கிறது என்ற செய்தியைக் கேட்டுச் சமண முனிவர் மண்ணிலிருந்து கையை எடுத்தார். அதே செய்தியைக் கேட்டு இயற்கை விவசாயி, இன்னும் கொஞ்சம் உயிர் சேர்ப்போம் என்று பத்துக் கிலோ சாணத்தோடு வெல்லமும் பயறு மாவும் ஒரு பிடி வரப்பு மண்ணும் கரைத்து இருநூறு லிட்டர் ஜீவாமிர்தம் ஆக்குகிறார்.

யார் சொல்வது சரி? சமணத்துக்குள்ளேயே இதற்கு விடை தேடியவர்கள் இருந்தார்கள். அதுவும் கன்னட நாட்டில். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர் காலத்தில் ஜினசேனர் எழுதிய ஆதிபுராணம், முதல் தீர்த்தங்கரரான ரிஷபரே மக்களுக்கு வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், கைத்தொழில் என ஆறு பிழைப்பு வழிகளைக் கற்றுக்கொடுத்தார் என்கிறது. 941இல் பம்பன் அதே கதையைக் கன்னடத்தில் காவியமாக்கினான். அகிம்சையின் முதல் ஆசான் உழவைக் கற்பித்தார் என்று சொல்லத் துணிந்த மரபு, பசியோடிருப்பவனின் உயிரையும் கணக்கில் எடுத்திருக்கிறது. இன்றும் பெலகாவிப் பக்கத்துச் சமணர்களில் உழவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணர்களும் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு வாழ்பவர்கள்.

இயற்கை உரத்தை அகிம்சையின் உரம் என்று மேடைகளில் புகழ்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. வேப்பம் பிண்ணாக்கு நூற்புழுவைக் கொல்கிறது. டிரைக்கோடெர்மா என்ற பூசணம் அடியழுகலை உண்டாக்கும் பூசணத்தைச் சுற்றி நெரித்துத் தின்கிறது. அதற்காகத்தான் அதைத் தொழுவுரத்தில் வளர்த்து நிலத்தில் இடுகிறார்கள். எருக்குழியின் சூடே ஒரு பெரும் சாவு. ரசாயன உரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கொலை உண்டு, இல்லை என்பதில் இல்லை. யூரியா செடிக்கு உணவைக் கொடுத்துவிட்டு மண்ணைக் கணக்கில் எடுக்காமல் போகிறது. எரு, செத்தவற்றை இன்னொரு உயிரின் உணவாக்கிவிட்டுப் போகிறது. அங்கே எந்தச் சாவும் வீணாவதில்லை. முனிவரின் துறவு மதிப்புக்குரியது. ஆனால் அவருக்குப் பிட்சை இடும் வீட்டுக்கும் ஒரு வயல் வேண்டும். அந்த வயலில் நடப்பதைப் பாவம் என்று சொல்லி அவர் சோற்றை மட்டும் ஏற்றால் கணக்கு இடிக்கிறது. ஜினசேனர் அந்த இடியை உணர்ந்தவர்.

வெங்காயத்தை விலக்குவோரைக் குறை சொல்வதும் இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. உடுப்பி மாத்வ மரபின் சாதுர்மாஸ்யம் என்னும் நான்கு மாத விரதத்தில் முதல் மாதம் காய்கறி, அடுத்தது தயிர், பிறகு பால், கடைசியில் பருப்பு என்று ஒவ்வொன்றாக விடுகிறார்கள். காலம் முடிந்ததும் எல்லாம் இலைக்குத் திரும்பும். அங்கே பருப்பை யாரும் இழிவாகப் பேசுவதில்லை. தனக்குப் பிடித்த ஒன்றைத் தானே விடுவதில் உள்ள அழகு அது. சிக்கல் வருவது, ஒருவரின் விரதம் இன்னொருவரின் தட்டுக்குள் நுழையும்போது. பெங்களூரில் 2000ஆம் ஆண்டு ஐந்து அரசுப் பள்ளிகளில் 1,500 குழந்தைகளுக்குச் சோறு போடத் தொடங்கி, நாட்டின் மிகப் பெரிய மதிய உணவு அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது அட்சய பாத்திரம். அதன் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. 2018-19இல் இது கர்நாடகத்தில் பெரிய விவாதமானது. சத்துக் கணக்கில் குறை இல்லை என்று அமைப்பு விளக்கம் தந்தது. உணவுரிமை இயக்கத்தினர், குழந்தைகளுக்கு வீட்டில் பழகிய ருசி இல்லை, மீதம் வைக்கிறார்கள் என்றார்கள். பசித்த குழந்தைக்குச் சோறு தரும் பணி பெரிது; அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் வெங்காயம் விளைவிக்கும் தாயின் பிள்ளைக்கு, அரசின் செலவில், வெங்காயம் இல்லாத சாம்பார்தான் கிடைக்கும் என்றால், யாருடைய விரதத்தை அந்தப் பிள்ளை காக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இனி, இந்தக் கேள்வியின் மிக வலிக்கும் இடத்துக்கு வரலாம். எக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்றால், பத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் ஓராண்டுச் சாணம். டிராக்டர் வந்து உழவுமாடு போன நாட்டில் அத்தனை சாணத்துக்கு எங்கே போவது? எட்டிப் பார்த்தால் மலைமலையாக மட்கும் பொருள் குவிந்திருக்கும் இடம் பெங்களூர் நகரம். கர்நாடக கம்போஸ்ட் மேம்பாட்டுக் கழகம் 1975இலேயே தொடங்கப்பட்டு, நகரத்தின் ஈரக் குப்பையை உரமாக்கி வருகிறது. கழிவுநீரும் அப்படியே. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கில் சேரும் சாக்கடையைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்டத்தில், கோலார் மாவட்ட ஏரிகளுக்கு 2018 முதல் அனுப்புகிறார்கள். சிக்கபள்ளாப்பூருக்கு ஹெப்பாள்-நாகவாரா பக்கத்திலிருந்து இன்னொரு குழாய். வறண்டு வெடித்துக் கிடந்த ஏரிகளில் தண்ணீர் நின்றது. கிணறுகளில் ஊற்று திரும்பியது. அசுத்தத்திலிருந்து பிறந்ததை உண்ணாதே என்ற விதி, இந்த இரண்டு மாவட்டங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தாங்காது.

நகரத்தின் கழிவு வயலின் உரமாகும் வழியில் மனிதக் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகள் யாருடையவை என்பதை எல்லோரும் அறிவர். பெங்களூரில் பௌரகார்மிகர் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். 1970களின் தொடக்கத்தில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி. பசவலிங்கப்பா, மலத்தைத் தலையில் சுமக்கும் கொடுமைக்குக் கர்நாடகத்தில் தடை கொண்டுவந்தார். நாடு முழுவதுக்குமான சட்டம் வர 1993 ஆனது. அதன்பிறகும் 2010 ஜூலையில் வெங்காயமும் விளையும் ஹாவேரி மாவட்டத்துச் சவணூரில், குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி நெருக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள், தங்கள் மேல் மலத்தைப் பூசிக்கொண்டு நகராட்சி முன்னால் நின்றார்கள்.

சாணம் நூற்றிருபது நாளில் சோறாகும் தகுதி பெறுகிறது. பூண்டு ஒரு பசுவின் உடலைக் கடந்து பாலாகிறது. தெரியாமல் வெங்காயம் தின்றவனுக்கு ஓர் இரவுப் பட்டினியில் விடுதலை. எல்லாத் தீட்டுக்கும் முடிவு நாள் குறித்த மரபு, மனிதரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைக் குறிக்க மறுத்தது. பொருளின் மாற்றத்தை நம்பியவர்கள், அந்த மாற்றத்தை நடத்திக்கொடுத்த மனிதர்களின் பிறப்பை மட்டும் மாறாதது என்று பிடித்துக்கொண்டார்கள். இது தத்துவத்தின் சிறு பிழை இல்லை. அதன் அடித்தளத்தில் உள்ள பொய். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதே மண்ணில் பசவண்ணரும் அவரோடு சேர்ந்த சரணர்களும் இதைப் பார்த்துவிட்டார்கள். பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு, எச்சில், சாதி என்ற ஐந்து தீட்டுகளையும் அவர்கள் ஒரே மூச்சில் மறுத்தார்கள். சாதியை எச்சிலோடும் மாதவிலக்கோடும் ஒரே பட்டியலில் வைத்ததுதான் அவர்களின் கூர்மை. ஒன்று பொய்யென்றால் எல்லாம் பொய். உழைப்பையே வழிபாடாக வைத்த அந்த மரபில் செருப்புத் தைத்தவரும் துணி வெளுத்தவரும் வசனம் பாடும் அடியார்களாக அமர்ந்தார்கள்.

அப்படியானால் அசுத்தம் என்று ஒன்றே இல்லையா? இருக்கிறது. நுண்ணுயிர் செரிக்க முடியாததுதான் அது. சாக்கடை நீரில் வரும் காட்மியத்தையும் ஈயத்தையும் எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. பிளாஸ்டிக் உறை எத்தனை முறை புரட்டினாலும் எருக்குழியிலிருந்து உறையாகவே வெளியே வரும். நகரக் கம்போஸ்டில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டக் கூடாது என உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்வது இதனால்தான். கோலாருக்கு வரும் நீர் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நின்றுவிடுகிறது, மூன்றாம் நிலையும் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நகரம் தன் கழிவைத் தருவது கொடை ஆகாது. பாதி செரித்த கழிவைத் தருவது அநீதி. மேல்மண்ணில் மட்டுமே வேர் ஓடும் வெங்காயம் அந்த மேல்மண்ணில் தேங்குவதைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த வெங்காயத்தைப் பஞ்சகவ்யம் தெளித்துத் தூய்மையாக்க முடியாது.

ஆக, இந்தக் காலத்துத் தீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்தோ மண்ணுக்குள்ளிருந்தோ வரவில்லை. பேட்டரியையும் மாத்திரை அட்டையையும் பழத்தோலோடு ஒரே கூடையில் போடும் அடுக்குமாடி வீட்டிலிருந்து வருகிறது. அந்த வீட்டில் வெங்காயம் சமைக்காமலேகூட இருக்கலாம். பெங்களூருக்கு அருகே உள்ள மண்டூர் கிராமத்தார் தங்கள் ஊரில் நகரத்துக் குப்பையைக் கொட்டவிடாமல் போராடி, 2014 இறுதியில் அந்தக் குப்பைமேட்டை மூடவைத்தார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2012 டிசம்பரிலேயே, வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்துத்தான் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாத ஒவ்வொரு கூடையையும் யாரோ ஒரு பௌரகார்மிகப் பெண் வண்டியருகே நின்று விரல்களால் பிரிக்கிறார். பௌரகார்மிகர்கள் 2022 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 மே தினத்தன்று பெங்களூரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரப் பணி ஆணை கொடுக்கப்பட்டது. குப்பை லாரி ஓட்டுநர்களும் ஏற்றுகிற உதவியாளர்களும் தங்களுக்கும் அந்த ஆணை வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள்.